மூடிய ஜன்னலில் ஈரச் சேலை

மே 4, சனி

எனக்கும் என் கணவருக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. செய்தவர் யார், செய்தது என்ன என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தயாளன், மொட்டைமாடியில் இருந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, என் தலைக்கு நேர்மேலே கறுப்புத் தார் ஷீட் விரித்தார். மழைக்கு ஒழுகுகிறதாம். நான் சாயங்காலம் மாடியேறித் தளத்தில் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வீணாகிறது, ஷீட் பெயர்ந்துவிடும் என்று மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டார். அவர் வீடு முதல் மாடி. எங்கள் வீடு நான்காவது மாடி. அதற்கு மேல் கறுப்பு ஷீட், அதற்கு மேல் வேலூர் வெயில்.

இன்று கத்திரி தொடங்கிவிட்டது. சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லின் ஓரத்தைத் தொட்டதுபோல் இருக்கிறது. மின்விசிறி மேலேயுள்ள சூட்டை அள்ளிக் கீழே போடுகிறது.

எனக்காக நான் இதை எழுதவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போகலாம், ஈரத் தரையில் உட்காரலாம். இவரால் போக முடியாது. பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை. வலப்பக்கம் அசையாது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்: "சரி." எதைக் கேட்டாலும் "சரி."

லிஃப்ட் பங்குனியிலிருந்து ஓடவில்லை. ஓடினாலும் அதில் நிற்கத்தான் இடம், படுக்க இடமில்லை. கடைசியாக இவரை நாற்காலியில் கட்டிக் கீழே இறக்கியபோது படிக்குப் படி அழுதார். அன்றிலிருந்து டாக்டரும் போனில்தான் பார்க்கிறார்.

கூரை ஆறும்வரை நாங்கள் இந்த அறையை விட்டு நகரப்போவதில்லை.


மே 5, ஞாயிறு

காலையில் பால் வாங்கக் கீழே போனபோது தயாளனைப் படிக்கட்டில் பிடித்தேன். நடைப்பயிற்சி முடித்து, கழுத்தில் துண்டோடு வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, வெயில் காலம்னா வெயில் அடிக்கத்தான் செய்யும். அதுக்கு நான் இன்னா பண்றது? சூரியனுக்கு நோட்டீஸ் அனுப்பட்டுமா?"

"சூரியனுக்கு வேணாம் சார். நீங்க போட்ட கறுப்பு ஷீட்டுக்கு அனுப்புங்க. கறுப்பு வெயிலைக் குடிச்சு எங்க தலைமேல கக்குது. அது மேல சுண்ணாம்பு அடிச்சாப் போதும்."

"உங்க ஒரு வீட்டுக்காக மத்த வீட்டுக்காரங்க பணத்தை எடுத்து மறுபடியும் பெயின்ட் அடிக்கணுமா? கூட்டத்துல வெச்சுப் பேசுவோம்."

"கூட்டம் எப்போ?"

"ஆடியில."

வெயில் தணிந்த பிறகு, ஆடியில், எனக்கு வெள்ளைக் கூரை எதற்கு?

"சூடு சூடுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. உங்களுக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் கூடுதலாத் தெரியும். ஆதாரம்னு ஒண்ணு வேணும்ல? உள்ள நாப்பதுக்கு மேல போவுதுன்னு காட்டுங்க, நானே ஆளு வெச்சு அடிச்சுத் தர்றேன்."

"வாக்கு மாறமாட்டீங்களே?"

"தயாளன் பேச்சு மாறாது. ஆனா எழுதிக்கினு வந்து காட்டாதீங்க. எழுதறதுன்னா நானும் அம்பதுன்னு எழுதுவேன். என் கண்ணால பாக்கணும்."

காட்டுகிறேன்.


மே 6, திங்கள்

இவரைத் துடைத்துவிட்டுப் புரட்டிப் படுக்கவைக்கக் காலையில் சகாயராணி வருவாள். அவளிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடையிலிருந்து வெப்பமானி வாங்கிவரச் செய்தேன். மரப் பலகையில் பதித்த கண்ணாடிக் குழாய், உள்ளே சிவப்புத் திரவம். குமிழ் பலகைக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இவர் தலைமாட்டில், வெயில் படாத சுவரில் மாட்டினேன்.

"ஜுரம் பாக்கறதுக்கா இவ்ளோ பெருசு?" என்று கேட்டாள். "அப்பா வாயில எப்படிம்மா நுழையும்?"

"இது மனுஷனுக்கு இல்லடி, அறைக்கு."

"அறைக்கு ஜுரம் வந்தா மாத்திரையை எங்க போடுவீங்க?"

நான் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். மகள் திலகவதி படித்தபோது அவள் அறிவியல் புத்தகங்களை அவளுக்கு முன்பே நான் படித்து முடித்துவிடுவேன். பிறகு நூலகம். சூடு என்பது ஒரு பொருள் அல்ல. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது. அந்தத் துகள்கள் ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. அவற்றின் ஆட்டம்தான் சூடு. கறுப்பு ஷீட்டின் துகள்கள் வெயிலில் வெறிபிடித்து ஆடுகின்றன, அடியிலுள்ள கான்கிரீட்டை இடிக்கின்றன, கான்கிரீட் அறைக் காற்றை இடிக்கிறது, காற்று இவரை இடிக்கிறது. குழாய்க்குள் சிவப்புத் திரவத்தின் துகள்களும் ஆட ஆட இடம் போதாமல் மேலே ஏறுகின்றன. தயாளன் நம்பாவிட்டாலும் அவை ஏறும்.

மதியம் 39.


மே 7, செவ்வாய்

மூன்று மணிக்கு 41. வெளியேயும் அதே 41 என்று வானொலி சொன்னது. வீடு என்று ஒன்று கட்டியதற்கு அர்த்தம் என்ன?

கீழே போய் மணியடித்தேன். தயாளன் குடும்பத்தோடு திருப்பதி போயிருக்கிறாராம், சனிக்கிழமைதான் வருவாராம். காவலாளிக்கும் மாடிச் சாவி தரவில்லை.

திலகவதி போன் செய்தாள். அவள் காட்பாடியில் இருக்கிறாள். ஏசி வைத்த அறை ஒன்று எங்களுக்காகவே காலியாக இருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்கிறாள்.

"அம்மா, நைனாவக் கூட்டிக்கினு வந்துடும்மா. ஆம்புலன்ஸ் நான் அனுப்பறேன். ஸ்ட்ரெச்சரோட ஆளுங்க மேலயே வந்து தூக்கிடுவாங்க."

"தயாளன் வந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் பேசலாம்."

"அவரு பாக்கறதுக்காக நைனா வேவணுமா?"

"வீட்டைப் பூட்டிக்கினு போயிட்டா, அந்தம்மா கெளம்பிடுச்சு, பிரச்சினை முடிஞ்சுதுன்னு கையத் தட்டிடுவான். அதுக்கப்புறம் இந்தக் கூரை கறுப்பாவே இருக்கும்."

"நைனா கிட்ட கேட்டியா?"

கேட்டேன். போனை அவர் காதருகே வைத்தே கேட்டேன். "என்னங்க, இங்கயே இருக்கலாமா?"

"சரி" என்றார்.

"காதுல விழுந்துச்சா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.


மே 8, புதன்

சனிக்கிழமைவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. எனக்குத் தெரிந்ததைச் செய்யப்போகிறேன்.

தண்ணீர் காயும்போது சுற்றிலும் குளிர்வது எதனால்? தண்ணீரில் எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மிக வேகமாக ஓடுபவை மேற்பரப்பிலிருந்து எகிறி வெளியேறிவிடுகின்றன. மெதுவானவை மிஞ்சுகின்றன. சராசரி வேகம் குறைகிறது. அதாவது குளிர்கிறது. இந்த ஊரும் அப்படித்தான். துடிப்பான பிள்ளைகளெல்லாம் வெளியூர் போய்விட்டார்கள். ஆறிப்போனவர்கள் மிஞ்சியிருக்கிறோம்.

பழைய நூல் சேலைகள் ஐந்தைத் தண்ணீரில் நனைத்து, ஜன்னல்களின் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டேன். அறையின் நடுவிலும் இரண்டு. தரையில் கோணிச் சாக்குகளை நனைத்துப் பரப்பினேன்.

ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டேன். வெளியே அனல் காற்று. அதை உள்ளே விட்டால் செய்ததெல்லாம் வீண். நாள் முழுக்கச் சேர்த்த குளிர்ச்சி போய்விடும் என்பதால் இரவிலும் திறக்கப்போவதில்லை. வாசல் கதவின் அடியில் இருக்கும் இடைவெளியையும் துணி வைத்து அடைத்தேன்.

சேலை நனைக்க முதுகு வளைகிறது. இருக்கட்டும்.


மே 9, வியாழன்

36! வெளியே 42. ஆறு டிகிரி இறக்கியிருக்கிறேன். யாரிடமும் சாவி கேட்கவில்லை, ஏசி வாங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் பழைய சேலையும் போதும்.

இவரிடம் பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். "சரி" என்றார்.


மே 10, வெள்ளி

சகாயராணி உள்ளே வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாம்மா இது, வண்ணாந்துறை மாதிரி? மூச்சு முட்டுது."

"பலகையப் பாரு. 36. உங்க வீட்டுல எவ்ளோ?"

"எங்க வீட்டுல இந்தக் கருமமெல்லாம் கெடையாது. வேப்ப மரம் இருக்குது, அதுக்கடியில கட்டிலப் போட்டுக்குவோம். இங்க வந்தா, குளிக்காமயே குளிச்ச மாதிரி ஒழுவுது." கழுத்தைத் துடைத்துக் கையை உதறினாள். "பாரு, தொடைக்கத் தொடைக்க நிக்க மாட்டேங்குது. அந்த ஒரு ஜன்னலயாவது தொறக்கட்டுமா?"

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"ஒடி, ஒடி. அப்புறம் அப்பாவ நீயே பொரட்டு."

அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. இவருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு கொப்பளித்திருக்கிறது என்று காட்டினாள். பவுடர் போடச் சொன்னேன். வேர்வையில் பவுடர் களிம்பாகிவிட்டது. படுக்கை விரிப்பு பிழியும் அளவுக்கு ஈரம். வேர்ப்பது நல்லதுதான், உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழி அது. இதை அவளுக்கு விளக்கினேன்.

"அப்ப ஏம்மா அவரு உடம்பு இப்படி கொதிக்குது?" என்றாள்.

மூன்றே நாளில் ஒரு மனிதருக்குப் பசி குறைவது கோடையில் சகஜம். கஞ்சி பாதிதான் போயிற்று.


மே 11, சனி

தயாளன் வந்தார். கையில் லட்டுப் பிரசாதம், தலையில் மொட்டை. மரியாதைக்காகச் செருப்பை வெளியே விட்டு வந்தவர், நனைந்த கோணிச் சாக்கில் கால் வைத்ததும் துள்ளினார்.

"இன்னாம்மா, வீட்டுக்குள்ள ஏரி வெட்டி வெச்சிருக்கீங்க?"

"பலகை அங்க இருக்குது சார்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு.

"முப்பத்தாறு. வெளிய நாப்பத்தொண்ணு. என் வீட்டு ஹாலே முப்பத்தெட்டு இருக்கும்மா! நீங்கதான் சொகமா இருக்கீங்க."

"சார், அது இந்தச் சேலையாலதான். செவ்வாய்க்கிழமை 41 இருந்துச்சு. சேலையெல்லாம் எடுத்துடறேன், ஒரு மணி நேரம் உக்காருங்க, ஏறும்."

"ஏத்திக் காட்டறதுக்கு நான் எதுக்கும்மா? அடுப்பப் பத்தவெச்சாக்கூடத்தான் ஏறும். நாப்பதுக்கு மேல இருந்தா அடிச்சுத் தர்றேன்னேன். இல்ல. பேச்சு முடிஞ்சுது." கட்டிலருகே போய், "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

இவர் கண்ணைத் திறந்தார். நேரம் எடுத்துக்கொண்டு, "சரி" என்றார்.

"பாத்தீங்களா, ஐயாவே சரின்னுட்டாரு." லட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

என் அறிவே எனக்கு எதிர்சாட்சி சொல்லிவிட்டது. சேலைகளை எடுத்துவிட்டு, மறுபடியும் 41 ஏறவிட்டு, அவரை இழுத்துவந்து காட்டலாம். அதற்கு இவரை ஒரு மதியம் முழுக்க வேகவிட வேண்டும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. சேலைகளை இன்னொரு முறை நனைத்துப் போட்டேன்.


மே 12, ஞாயிறு

இவருக்கு ஜுரம், 101. சிறுநீர்த் தொற்றாக இருக்கும், முன்பும் வந்திருக்கிறது. பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கவில்லை. திலகவதியின் போனை எடுக்கவில்லை.


மே 13, திங்கள்

சகாயராணி இன்று வேலையைத் தொடங்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஜன்னலத் தொறந்தாத்தான் உள்ள வருவேன். இவருக்கு ஜுரமில்லம்மா. புழுக்கம். உள்ளயே அவியறாரு."

"எதையும் அளக்காமப் பேசாதே. ஈரம் சூட்டை எறக்கும். வா, கண்ணாலயே காட்டறேன்."

பலகையைக் கழற்றினேன். ஒரு மெல்லிய துணித் துண்டை நனைத்து வெப்பமானியின் குமிழில் சுற்றினேன். திலகவதியின் புவியியல் புத்தகத்தில் இந்தப் படம் இருந்தது. உலர் குமிழ் ஒன்று, ஈரக் குமிழ் ஒன்று. அந்தப் பக்கம் பரீட்சைக்கு வராது என்று டீச்சர் சொன்னதால் திலகவதியும் படிக்கவில்லை. நான் படித்தேன். ஈரம் காயக் காய, சிவப்பு சரசரவென்று இறங்கும். பலகையை மெதுவாக விசிறினேன்.

"இப்ப பாரு. எறங்கும்."

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பத்தாறிலிருந்து முப்பத்தைந்து. கொஞ்சம் அசைந்தது. பிறகு முப்பத்துநாலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது.

"எறங்கலியேம்மா," என்றாள் சகாயராணி. சிரிக்கத்தான் தொடங்கினாள். பிறகு சிரிக்கவில்லை.

"துணி தடிமன்," என்றேன்.

அவள் வந்து இவரைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் துண்டை என் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு அப்பாவுக்கு வேர்வையே இல்ல. நேத்து வரைக்கும் ஊத்துச்சு" என்றாள்.

வேர்க்காவிட்டால் துணி மிச்சம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

துணி தடிமன்தான். வேறு துணியில் பார்க்க வேண்டும்.


மே 14, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பகல் உணவுக்குப் பிறகு, பழைய வேட்டியின் மெல்லிய ஓரத்தைக் கிழித்து குமிழில் சுற்றினேன். உள்ளே மறுபடியும் அதே இடம். பலகையை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனேன். அங்கே கம்பி ஜன்னல் வழியாக அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. துணி இல்லாமல் பார்த்தேன்: 39. அதே துணியை அதே தண்ணீரில் நனைத்துச் சுற்றினேன்.

இறங்கிற்று. முப்பது. இருபத்தெட்டு. இருபத்தாறரையில் நின்றது.

அந்தத் திருப்பத்தில் என்னைச் சுட்ட காற்றில் ஈரத் துணி பன்னிரண்டரை டிகிரி குளிர்ந்தது. நான் பாடுபட்டுக் குளிரவைத்த அறையில் அது இரண்டேகால் டிகிரிகூடக் குளிரவில்லை. துணி தடிமனாக இல்லை.

படியில் உட்கார்ந்தேன். சேலையிலிருந்து எகிறிப் போன துகள்கள் போவதற்கு நான் எங்கே வழி வைத்தேன்? ஜன்னலைச் சாத்தினேன், கதவின் இடைவெளியை அடைத்தேன். போனவை அறைக்குள்ளேயே நிறைந்து, போகிற அளவுக்கே திரும்பவும் வந்து விழுகின்றன. எடுத்துப்போன சூட்டைக் கையோடு திரும்பக் கொண்டுவருகின்றன. சேலைக்கு அப்படி என்றால் தோலுக்கும் அப்படித்தான். வேர்வை வெளியே வந்தது. காய இடமில்லாமல் அப்படியே நின்றது. வேர்வை ஓடினால் உடம்பு ஆறாது, காய்ந்தால்தான் ஆறும். வெப்பமானிக்கு வேர்க்காது. அதனால் அது 36 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. காற்றைக் கேட்டேன், காற்றின் அளவைச் சொன்னது. அவரைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

உள்ளே ஓடினேன். நெற்றி காய்ந்து கொதித்தது. "என்னங்க" என்றேன். கண் பாதி திறந்திருந்தது. "என்னங்க, வேர்க்குதா? தண்ணி வேணுமா? திலகா வீட்டுக்குப் போலாமா?"

"சரி" வரவில்லை.

மாடிப்படியில் நின்று கத்தினேன். யார் பெயரைச் சொல்லிக் கத்துவது என்று யோசிக்க நேரமில்லை. "தயாளன் சார்" என்றுதான் வாயில் வந்தது.

லுங்கியோடு ஓடிவந்தார். பின்னால் காவலாளி, இரண்டாம் மாடிப் பையன்கள் இருவர். உள்ளே நுழைந்த தயாளன் ஒரு நொடி அப்படியே நின்றார்.

"அய்யோ, ஏம்மா, ஜன்னலெல்லாம் ஏன் சாத்தி வெச்சிருக்கீங்க?" என்று எல்லாவற்றையும் படார் படாரென்று திறந்தார். ஈரச் சேலையை இழுத்ததில் கொடி அறுந்து விழுந்தது.

நான் குனிந்து இவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

இவரைப் போர்வையோடு தூளிபோல் தூக்கினார்கள். தலைப்பக்கம் தயாளன். "மெதுவா, மெதுவா, ஐயா தலை இடிக்குது" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கத்தினார். இரண்டாம் மாடியில் அவர் செருப்பு அறுந்தது, உதறிவிட்டுச் சுடும் படியில் வெறுங்காலோடு இறங்கினார். நாற்காலியில் இறக்கியபோது அழுத மனிதர் இன்று அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


மே 15, புதன்

ஆஸ்பத்திரி. 104.8-லிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நர்ஸ் இவர் உடம்பில் தண்ணீர் தெளித்து ஈரத் துணி போர்த்தி, இரண்டு பக்கமும் பெரிய மின்விசிறி வைத்திருக்கிறார். அதே ஈரத் துணி. ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது.


மே 17, வெள்ளி

சூடு இறங்கிவிட்டது. கண் திறக்கிறார். கையை அழுத்தினால் இடக்கை திரும்ப அழுத்துகிறது. பேச்சு இன்னும் வரவில்லை. சிறுநீரகம் தேறுமா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். "வீட்டுல எப்படிம்மா இருந்தாரு?" என்று கேட்டார். திலகவதி என்னைப் பார்த்தாள். "மேல் மாடி, கறுப்புக் கூரை" என்று சொன்னேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

திலகவதி என்னைத் திட்டவே இல்லை. ஒரு இட்லியைப் பிய்த்து என் வாயருகே கொண்டுவந்தாள், அவ்வளவுதான்.

மாற்றுத் துணி எடுக்க இன்று வீட்டுக்கு வந்தேன். ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. அறையில் 41. மணியடித்துத் தயாளனைக் கூட்டிவந்து பலகையைக் காட்டினேன். பார்த்தார். தலையை ஆட்டினார். பாதத்தில் கட்டுப் போட்டிருக்கிறார். இதைக் கண்டு நான் இளகிவிட்டேன் என்று அவரும் நினைக்க வேண்டாம், இதைப் படிப்பவரும் நினைக்க வேண்டாம். அநியாயம் அநியாயம்தான். ஆனால் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இல்லை. இனி ஆக வேண்டியவை:

தயாளன்: தார் ஷீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, இரண்டு பூச்சு, கத்திரி முடிவதற்குள். நாற்பதைத் தாண்டினால் அடித்துத் தருவதாகச் சொன்னது அவர் வாய். மாடிச் சாவி ஒன்று நான்காவது மாடியில் இருக்க வேண்டும், யார் குடியிருந்தாலும்.

சங்கம்: லிஃப்டை ஓடவைக்க வேண்டும். படுத்த மனிதரைத் தூக்க ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்கிக் கீழே வைக்க வேண்டும். அடுத்த முறை போர்வை கிழியலாம்.

திலகவதி: ஆஸ்பத்திரியிலிருந்து நைனாவை நேராகக் காட்பாடிக்குக் கொண்டுபோக வேண்டும். நான் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கக் கூடாது. ஏசியை ரொம்பக் குறைத்து வைக்க வேண்டாம், இடத் தோள் பிடித்துக்கொள்ளும்.

சகாயராணி: காட்பாடிக்கும் வர வேண்டும். எனக்கு அளவு தெரியும், அவளுக்கு அவரைத் தெரியும். ஜன்னல் விஷயத்தில் என் பேச்சைக் கேட்கக் கூடாது. கையை ஒடிப்பேன் என்று சொன்னால் திறந்துவிட்டுப் பேச வேண்டும்.

டாக்டர்: கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்க வேண்டும். மகளை வெளியே அனுப்பிவிட்டு.

சம்பூர்ணம், அதாவது நான்: சேலைகளைத் துவைத்து மடித்து வைக்க வேண்டும். வெப்பமானியைக் கழற்றிக் காட்பாடிக்கு எடுத்துப்போக வேண்டும், அதோடு இன்னொன்றும் வாங்க வேண்டும், ஒரு குமிழ் உலர்ந்திருக்க, ஒன்று ஈரமாக இருக்க. அவருக்குப் பேச்சு வரும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். வந்ததும் முதல் வேலையாக, ஜன்னலைச் சாத்தியது தயாளன் இல்லை, நான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் "சரி" என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.